பை நிறையத் தம்பியின் துணி

சொந்தபந்தங்களில் யாரைக் கேட்டாலும் அவளைப் பற்றி ஒரே ஒரு கதைதான் சொல்வார்கள். நகரத்தில் படிக்கும் தம்பிக்கென்று கொடுத்தனுப்பிய குளிர்காலத் துணிகளைத் தானே சுருட்டிக்கொண்டு, வீட்டுப் பக்கம் திரும்பாமல் போனவள் என்பது அந்தக் கதை. அத்தை முறை ஆகிற ஒருவர் குளிர் தொடங்கினாலே உச்சுக்கொட்ட ஆரம்பித்துவிடுவார். "கூடப் பிறந்தவன் நடுங்கட்டும்னு விட்டுட்டாளே, அவளுக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

கதையில் பாதி உண்மைதான். பை போனது உண்மை. துணி அவளிடம் இருப்பதும் உண்மை. ஆனால் அந்தப் பை எப்படி நிரம்பியது என்று மட்டும் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

வீட்டில் அவள் பெரியவள். வேலை பார்த்த ஆடைத் தொழிற்சாலையில் அவளுக்கு 'மடிப்பு' என்று பட்டப்பெயர். இஸ்திரி போட்டு வரும் சட்டைகளை அட்டை வைத்து மடித்து, பாலிதீன் உறையில் நுழைத்து, டேப் ஒட்டி, பெட்டியில் அடுக்குவது அவள் வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டே செய்ய வேண்டும். அங்கே ஒரு பழக்கம் இருந்தது. லாரியில் பெட்டி ஏற்றும்போது மழை பிடித்துக்கொண்டால், பெண்கள் தலையில் போட்டிருக்கும் துப்பட்டாவையோ பிளாஸ்டிக் தாளையோ எடுத்துப் பெட்டிகள்மேல் போர்த்திவிட வேண்டும். "நீங்க நனைஞ்சா காஞ்சுடுவீங்க. சரக்கு நனைஞ்சா திரும்பி வந்துடும்" என்பார் மேற்பார்வையாளர். கேட்டுக் கேட்டு அது அவர்களுக்குத் தப்பாகவே தோன்றாமல் போய்விட்டது. மேகம் கறுத்தால் கை தானாகத் தலைக்குப் போகும்.

அந்த வருடக் குளிர்காலத்தில் அவளுக்கு ஒரு போன் வந்தது. நகரத்தின் பெரிய மருத்துவமனை ஒன்றில், துணிப் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள். படுக்கை விரிப்பு, நோயாளிகளின் அங்கி, அறுவை அறைத் துணி எல்லாவற்றையும் வாங்கி, மடித்து, வார்டு வார்டாகக் கொடுக்க வேண்டும். எதிர்முனையில் பேசிய அம்மாள் சுற்றி வளைக்கவில்லை.

"எடுத்தா அன்னிக்கே சேரணும். தங்க ரூம் உண்டு. யூனிஃபார்ம் தைச்சு வர ரெண்டு வாரம் ஆகும், அதுவரைக்கும் போட்டுக்கத் துணி கையோட கொண்டு வந்துடுங்க. ஊருக்குப் போய் எடுத்துட்டு வரேன்னு சொல்றவங்களுக்காக நாங்க காத்திருக்க மாட்டோம். புரியுதா?"

புரிந்தது. அன்று சாயங்காலமே அம்மாவிடமும் அப்பாவிடமும் அதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். அம்மா கையிலிருந்த பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே, "பார்ப்போம்" என்றாள்.

பக்கத்து மேசையில் பொத்தான் தைக்கும் தோழியை எல்லோரும் 'பொத்தான்' என்றே கூப்பிடுவார்கள். அவள் கொஞ்ச காலம் அந்த நகரத்தில் இருந்தவள். என்ன எடுத்துப் போகலாம் என்று அவளைத்தான் கேட்டாள்.

"அந்த ஊர் வானத்துக்கு நம்ம சூப்பர்வைசர் குணம்டி" என்றாள் பொத்தான். "எப்பச் சிரிக்கும், எப்பக் கத்தும்னு சொல்லவே முடியாது. காலையில பனி மூக்கைக் கடிக்கும். மத்தியானம் சுள்ளுன்னு வெயில், கோட்டைக் கழட்டிக் கையில தூக்கிட்டுத் திரிவே. சாயங்காலம் காத்தும் மழையும். ஒரேயடியா தடிப்பா எடுத்துட்டுப் போகாதே. மெல்லிசா நாலு எடுத்துக்கோ. ஒண்ணு மேல ஒண்ணாப் போடு, ஒண்ணொண்ணாக் கழட்டு."

அந்த யோசனை அவளுக்குப் பிடித்திருந்தது. புறப்படுவதற்கு முந்தைய நாள் மத்தியானம் கட்டில்மேல் எல்லாவற்றையும் பரப்பினாள். மெல்லிய முழுக்கைச் சட்டைகள், பச்சை ஸ்வெட்டர், பேன்ட்டுகள், சாக்ஸ், நேர்காணலுக்கென்று தேய்த்து வைத்த வெள்ளைச் சட்டை, பிளாஸ்டிக் மழைக்கோட்டு. வீட்டில் பெட்டி என்று இருந்தது ஒன்றே ஒன்று. அது தம்பியோடு போய்விட்டது. மிச்சம் ஒரு நீலப் பை. இரண்டு வாரத்துக்கு அது போதும். அவள் மடித்தால் இன்னும் கொஞ்சம் இடமே மிஞ்சும்.

அடுக்கி முடிக்கும் நேரம் அம்மா உள்ளே வந்து தம்பியின் பழுப்பு ஜாக்கெட்டைக் கட்டில்மேல் போட்டாள்.

"இதையும் வச்சிரு."

"அம்மா, இது ஒண்ணே பாதிப் பையை அடைச்சிடும்."

"அவன் வெயில் காலத்துல கிளம்பினவன். அங்க ஒத்த சட்டையோட கிடக்கிறான். நீ போற வழிதானே, கொடுத்துட்டுப் போ."

"குளிருதுன்னு அவன் சொன்னானா?"

"ஆம்பளப் பையன் வாயைத் திறந்து சொல்லுவானா? நாமதான் தெரிஞ்சுக்கணும்."

அந்த ஜாக்கெட் முதலில் அவளுடையது. தொழிற்சாலையில் கழித்துப்போட்ட பீஸ். இடது பக்கப் பை கொஞ்சம் கோணலாகத் தைத்திருக்கும். ஆண்கள் அளவுதான், ஆனாலும் தனக்கென்றுதான் வாங்கி வந்தாள். ஒரு குளிர்காலம் போட்டாள். அடுத்த குளிர்காலம் வருவதற்குள் தம்பி தோள் அகன்று வளர்ந்துவிட்டான். ஜாக்கெட்டும் அவனுடையதாகிவிட்டது. அதை அவள் குறையாக நினைத்ததில்லை. இப்போதும் தன் சட்டைகளில் இரண்டை வெளியே எடுத்துவிட்டு ஜாக்கெட்டை வைத்தாள்.

அம்மா மறுபடி வந்தாள். கையில் கம்பளிப் போர்வை. அதன் பிறகு தடித்த பேன்ட் இரண்டு. அதன் பிறகு அவனுடைய ஸ்வெட்டர்கள், காதை மூடும் தொப்பி, கனமான ஷூ.

"போதும்மா. பை வாயைப் பிளக்குது."

"நீதான் மடிக்கிறவளாச்சே. மடிச்சா அடங்காதா?"

"மடிச்சா துணி சின்னதாகும்மா. காணாமப் போயிடாது."

"உன்னோடதை அடுத்த தடவை எடுத்துக்கலாம்."

"அடுத்த தடவை ஏதும்மா? அன்னிக்கே சேரணும்னு சொன்னேன்ல?"

"முதல்ல எடுக்கட்டும். அதுக்குள்ள வீட்டையே காலி பண்ணிட்டுக் கிளம்பாதே."

அப்பா அப்போதுதான் உள்ளே வந்தார். லாரிகளை எடை போடும் மேடையில் வேலை. எதைப் பார்த்தாலும் ஒரு தடவை தூக்கிப் பார்க்காமல் இருக்கமாட்டார். பையைத் தூக்கினார்.

"பதினாறு கிலோ. இதுல உன் சரக்கு எவ்வளவு அம்மாடி?"

அவள் பையின் ஓரத்து ஜிப்பைத் திறந்து காட்டினாள். உள்ளாடைகள், சீப்பு, பிளாஸ்டிக் உறையில் சான்றிதழ்கள்.

"அப்ப வண்டி முழுக்க அடுத்தவன் லோடு" என்று சிரித்துவிட்டு அவர் டீ குடிக்கப் போனார். வீட்டில் எந்தப் பேச்சிலும் அவர் பங்கு அவ்வளவுதான். எடையைச் சொல்லுவார், வண்டியை நிறுத்தமாட்டார்.

அவளுக்குப் பொத்தான் சொன்னது ஞாபகம் வந்தது. பையில் இடமில்லையென்றால் என்ன, உடம்பில் இருக்கிறதே. மறுநாள் காலை இருட்டு விலகாத பனியில் அவள் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டாள். மெல்லிய சட்டை, அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் வெள்ளைச் சட்டை, அதற்கும் மேல் பச்சை ஸ்வெட்டர். கீழே இரண்டு பேன்ட். கையைக் கீழே தொங்கவிட முடியவில்லை.

"பீரோவே எழுந்து நடந்து வருது" என்றார் அப்பா.

அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மகளின் கழுத்துப் பக்கம் வந்து, காலருக்குள் காலராக எத்தனை இருக்கிறது என்று பார்த்தாள்.

"இத்தனையும் எதுக்கு? வேர்த்துக் கொட்டும். கழட்டி வச்சிட்டுப் போ. ஒரு நாளுக்கு ஒண்ணு போதாதா?"

"ஒரு நாளுக்குன்னு யார் சொன்னா?"

பஸ் வரும் நேரமாகிவிட்டது என்றாள் அம்மா.

பஸ்ஸில் கூட்டம். ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியாத அளவுக்குப் பனி. காலுக்கிடையில் பையை வைத்துக்கொண்டு நின்றவளைப் பார்த்து ஒரு பெரியவர் எழுந்துகொண்டார்.

"உக்காரும்மா. இந்த நேரத்துல நின்னுட்டு வரலாமா? எத்தனை மாசம்?"

ஸ்வெட்டர்தான் ஐயா என்று சொல்லலாம். பாவம், அவர் எழுந்து நின்ற பிறகு எப்படிச் சொல்வது? "இப்பத்தான்" என்று முனகிவிட்டு உட்கார்ந்தாள். பக்கத்து சீட்டுப் பெண் வழி முழுக்கத் தன் இரண்டு பிரசவத்தைப் பற்றியும் சொல்லிக்கொண்டு வந்தாள். இவள் தலையாட்டிக்கொண்டே வந்தாள்.

பத்து மணிக்குமேல் பனி விலகி வெயில் ஏறியது. பஸ் அடுப்பாகிவிட்டது. பச்சை ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டினாள். அடுத்த சட்டையைக் கழற்ற வழியில்லை, கழற்றினாலும் வைக்க இடமில்லை. முதுகில் வேர்வை வழிவது தெரிந்தது. வெள்ளைச் சட்டை கசங்குவது அதைவிட நன்றாகத் தெரிந்தது. ஆனாலும் மனதில் ஒரு குறுகுறுப்பு. நாளைக்கு இந்நேரம் அந்தத் துணி அறையில் நின்றுகொண்டிருப்பாள். தனக்கென்று ஒரு கட்டில், ஒரு அலமாரி. அலமாரிக் கதவைத் திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் அவளுடையதாக மட்டும் இருக்கும். இருபத்து நாலு வயதில் அவள் ஆசைப்பட்டது இவ்வளவுதான்.

நகரத்தில் இறங்கியபோது நாலு மணி. தம்பியின் அறைக்குக் கொஞ்சதூரம் நடக்க வேண்டும். பாதி வழியில் காற்று திரும்பியது. கடைக்காரர்கள் பலகைகளை உள்ளே இழுத்தார்கள். வானம் ஒரு நொடியில் அடுப்புக்கரி நிறமானது.

முதல் துளி விழுந்ததும் அவள் பையின் வெளிப்பக்கத்தில் சொருகியிருந்த மழைக்கோட்டை உருவினாள். உதறினாள். பையின்மேல் போர்த்தினாள். கோட்டின் கைகளை இழுத்துப் பையின் கைப்பிடிக்குக் கீழே முடிச்சுப் போட்டாள். முடிச்சுப் போட்ட பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று புரிந்தது. அதற்குள் மழை கொட்டத் தொடங்கிவிட்டது. ஒதுங்கி நிற்க ஓர் இடம் கிடைப்பதற்குள் தலையிலிருந்து சாக்ஸ் வரை ஊறிப்போனாள். மேல்சட்டை நனைந்து, நடுச்சட்டை நனைந்து, அடிச்சட்டையும் நனைந்தது. அவளுக்கென்று இருந்த அத்தனை துணியும் ஒரே நேரத்தில் நனைந்தது.

மாடி அறைக் கதவைத் திறந்த தம்பி பின்வாங்கினான். "அய்யோ, என்னக்கா இது? மழைக்கோட்டு இல்லையா?"

"இருக்கு. பைக்குப் போட்டேன்."

உள்ளே மேசையில் படித்துக்கொண்டிருந்த கண்ணாடிக்காரன், தம்பியோடு தங்கியிருப்பவன், சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் இருமினான்.

தம்பி துண்டு கொடுத்தான். அவள் தலை துவட்டுவதற்குள் பையைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தான். எல்லாம் தொழிற்சாலைச் சட்டைகளைப் போலவே பாலிதீன் உறைக்குள், டேப் ஒட்டி, ஒரு சொட்டு ஈரமில்லாமல் இருந்தன.

"டேய், கடையே வந்திருக்குடா" என்றான் கண்ணாடிக்காரன்.

"இந்த ஜாக்கெட்டையா தூக்கிட்டு வந்தே?" தம்பி அதை விரல் நுனியில் பிடித்துக் காட்டினான். "இதைப் போட்டுட்டுப் போனா காலேஜ்ல ஓட்டியே தள்ளிடுவாங்கக்கா. நான் புதுசு வாங்கிட்டேன், பாரு." கதவுக்குப் பின்னால் கறுப்பு நிறத்தில் ஒன்று தொங்கியது. "போர்வைகூட ரூமோட சேர்த்தே கொடுத்துட்டாங்க. எதுவும் அனுப்பாதேன்னு அம்மாகிட்ட சொன்னேனே!"

அவள் துண்டைத் தலையிலிருந்து எடுத்தாள். "எப்பச் சொன்னே?"

"போன வாரம். அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. 'உனக்கு வேணாம்னு எனக்குத் தெரியும்டா. அவ பையில உன் சாமானா நிரப்பி அனுப்பறேன். மாத்துத் துணி இல்லாம எங்க தங்குவா? தானாத் திரும்பி வந்துடுவா'ன்னு சொன்னா. அம்மா மூளையே மூளைக்கா!" சிரித்தவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினான். "உனக்குத் தெரியும்னு நினைச்சேன். சும்மா விளையாட்டுக்குத்தான் சொல்லியிருப்பா."

அவள் அழவில்லை. இடுப்பிலிருந்த பச்சை ஸ்வெட்டரை அவிழ்த்து வாசல் பக்கம் கொண்டுபோய்ப் பிழிந்தாள். தண்ணீர் நிற்கிற வழியாக இல்லை.

"நான் திரும்பிப் போகணும்னு நீயும் நினைக்கிறியா?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

"எனக்கென்னக்கா. ஆனா நீ இல்லாம அம்மா தனியா என்ன பண்ணுவா? அப்பாவுக்கும் முழங்கால் முடியல. என் படிப்பு முடியற வரைக்கும்தானே."

"உன் படிப்பு முடிஞ்சதும் நீ ஊருக்கு வந்துடுவியா?"

கண்ணாடிக்காரன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனான். இன்று அங்கேயே படுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனான். தம்பி உறைகளை மறுபடி பைக்குள் திணித்தான்.

"இதையெல்லாம் நீயே எடுத்துட்டுப் போயிடுக்கா. இங்க வைக்கக்கூட இடமில்லை."

இது அவன் வாயால் சொன்னது. பின்னால் எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகப் பேசினார்கள். இந்த ஒரு வரியை மட்டும் அவன் யாரிடமும் சொல்லவில்லை.

இரவு தம்பியின் லுங்கியும் சட்டையும் வாங்கிக் கட்டிக்கொண்டு படுத்தாள். மறுநாள் காலை கொடியில் கிடந்த எதுவும் காயவில்லை. ஜன்னல் முழுக்கப் பனி அப்பியிருந்தது. வெள்ளைச் சட்டையைத் தொட்டுப் பார்த்தாள், ஜில்லென்று கையோடு ஒட்டியது. தம்பி போர்த்திக்கொண்டு தூங்கினான். அவள் பையைத் திறந்து தடித்த பேன்ட்டை எடுத்துக் காலில் இரண்டு மடிப்பு மடித்துவிட்டாள். அவனுடைய ஸ்வெட்டர், அதன்மேல் பழுப்பு ஜாக்கெட். தோள் இறங்கி, கைகள் விரல்வரை மூடின. காலியான உறைகளில் தன் ஈரத் துணிகளைப் போட்டு டேப் ஒட்டினாள். அவனை எழுப்பவில்லை.

மருத்துவமனையின் துணிப் பிரிவு கீழ்த்தளத்தில் இருந்தது. நீராவியும் சோப்பும் கலந்த வாசனை. ஏழெட்டுப் பெண்கள் வந்திருந்தார்கள். போனில் பேசிய அம்மாள் வெள்ளைக் கோட்டு போட்டு, மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்திருந்தார். ஒவ்வொருவரையும் விரிப்பு மடிக்கச் சொன்னார், வாசிக்கச் சொன்னார், முன்பு பார்த்த வேலையைப் பற்றிக் கேட்டார். எல்லோரும் செய்தார்கள், அவளும் செய்தாள். மூன்று பேரை நிறுத்திக்கொண்டார்.

"லக்கேஜ் எங்க?" என்று முதல் பெண்ணைக் கேட்டார். அவள் தோளில் சின்ன கைப்பை மட்டும்.

"நாளைக்குப் போய் எடுத்துட்டு வந்துடறேன் மேடம். பக்கத்து ஊர்தான்."

"போன்லயே சொன்னேன்ல? போம்மா. அடுத்த தடவை பார்க்கலாம்."

அந்தப் பெண் அழ ஆரம்பித்தாள். அம்மாள் அவளைத் தாண்டி இவள் பக்கம் வந்தார்.

"உன்னோடது?"

நீலப் பையைக் காட்டினாள்.

"திற. போன தடவை ஒருத்தி காகிதத்தைத் திணிச்சுக் கொண்டு வந்து ஏமாத்திட்டா."

ஜிப்பைத் திறந்தாள். அம்மாள் குனிந்து பார்த்துவிட்டு, அவள் போட்டிருந்த ஜாக்கெட்டையும் மேலும் கீழும் பார்த்தார்.

"என்னம்மா, எல்லாம் ஆம்பளைங்க துணியா இருக்கு? யாரோடது?"

அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். தம்பிக்கு, அவனுக்கு வேண்டாமாம், மழையில் நனைந்துவிட்டேன் என்று நீட்டியிருக்கலாம். அவள் ஜாக்கெட்டின் கோணல் பைக்குள் கையை நுழைத்துக்கொண்டாள்.

"என்னோடதுதாங்க" என்றாள்.

அன்று மத்தியானம் வீட்டுக்குப் போன் செய்தாள். வேலை கிடைத்துவிட்டது, இன்றைக்கே சேர்ந்துவிட்டேன் என்றாள்.

"போட்டுக்க என்ன இருக்கு உனக்கு?" என்று கேட்டாள் அம்மா.

"நீங்க வச்சுக் கொடுத்தது இருக்கும்மா. பை நிறைய."

"அது சின்னவனுக்கு அனுப்பினது."

"அவனுக்கு வேணாம்னு உங்களுக்குத் தெரியும்."

அம்மா போனை வைத்துவிட்டாள். ஒரு வாரத்துக்குள் கதை ஊரெல்லாம் பரவிவிட்டது. தம்பிக்குக் கொடுத்ததைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். தம்பி நேரில் கேட்டவர்களிடம், "விடுங்க, அக்காதானே" என்று பெருந்தன்மையாகச் சொன்னானாம். எல்லோரும் அவனை மெச்சினார்களாம். பொத்தான்தான் போனில் இதைச் சொன்னாள். "நீ ஏன்டி வாயைத் திறக்க மாட்டேங்கிறே?" என்று திட்டவும் செய்தாள்.

திறந்தால் அம்மா சொன்னதைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லிவிட்டால் அப்புறம் சொல்லாததுபோல் ஆக்க முடியாது. அதனால் அவள் கதையை அவர்களிடமே விட்டுவிட்டாள்.

அடுத்த வருடம், குளிர் விடும் சமயம், அப்பாவின் முழங்காலைப் பார்க்க ஊருக்கு வந்தாள். காலையில் வந்தவள் கையில் ஒன்றுமில்லை. பழுப்பு ஜாக்கெட், அதனுள் ஸ்வெட்டர், அவ்வளவுதான். மத்தியானம் வெயில் ஏறியும் அவள் எதையும் கழற்றவில்லை. நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது.

"லோடு இல்லாத வண்டி" என்றார் அப்பா, சிரிக்கப் பார்த்து.

அம்மா தட்டை வைத்தாள். ஜாக்கெட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். பிறகு கட்டிலுக்கு அடியில் பார்த்தாள்.

"பை எங்க?"

"கொண்டு வரலம்மா."

"ஏன்? ரெண்டு நாள் இருந்துட்டுப் போகலாம்ல?"

"மாத்துத் துணி இல்லையே. எங்க தங்குறது?" என்றாள்.

சோறு வைக்கக் குனிந்த அம்மாவின் கை தட்டின் விளிம்பிலேயே நின்றுவிட்டது. அவள் அதைப் பார்க்காததுபோல் குனிந்து சாப்பிட்டாள். சாயங்காலம் மழை வரும்போல இருந்தது. அதற்கு முன்பே பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று எழுந்துகொண்டாள்.